எப்போது ஒழுகுகிறது?

எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்துக்கு 12 வயது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவுள்ள வகை. தம்பி பிறந்த வருடம் வாப்பா வாங்கியது. நோன்புக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து குசினித் தரையில் ஓடத் தொடங்கியது. பார்க்க வந்த திருத்துநர் கதவைத் திறந்தார். அதைச் சுற்றியிருந்த இறப்பர் வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். "இந்த றப்பர் போயிட்டு. மாத்தினாலும் பழைய மெஷின்தானே, புதுசு ஒண்டு வாங்குறதுதான் நல்லம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதியது வாங்கும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை. உம்மா முழங்கால் வலியோடு சிறு பலகையில் அமர்ந்து ஆறு பேரின் உடுப்புகளையும் கையால் கழுவத் தொடங்கினார். நானும் கூட இருந்து அலசினேன். இரண்டாவது வாரம் ஒரு நாள், உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புவதைக் கண்டேன். அன்று மாலையே அந்த இயந்திரத்தை நானே ஒருமுறை பார்ப்பதென்று முடிவு செய்தேன். "கழற்றினால் திரும்பப் பூட்டத் தெரியுமா?" என்று வாப்பா கேட்டார். "முதலில் கழற்ற மாட்டேன், பார்க்க மட்டும்தான் போகிறேன்" என்றேன்.

ஒழுகும் பொருளைக் கண்டால் 'எங்கே ஒழுகுகிறது?' என்றுதான் நாம் தேடுகிறோம். ஆனால் தண்ணீர் தரை சரிந்த பக்கம் ஓடும். பின்னால் கசிந்தது முன்னால் வந்து தேங்கும். ஆகவே 'எப்போது ஒழுகுகிறது?' என்று கேட்பதே பயன் தரும். சலவை இயந்திரத்தின் வேலையில் நான்கு கட்டங்கள் உண்டு: தண்ணீர் நிரப்புதல், உருளையைச் சுழற்றிக் கழுவுதல், அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுதல், வேகமாகச் சுழற்றிப் பிழிதல். ஒவ்வொரு கட்டத்திலும் வேலை செய்யும் பாகங்கள் வேறு. ஒழுகும் நேரம் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் குறைந்துவிடும்.

அதற்கு முன் ஒரு முக்கியமான விடயம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று மின்சாரம். தரையில் தண்ணீர் பரவியிருந்தால் அதில் கால் வைக்காமல், முதலில் பிரதான ஆளியை நிறுத்த வேண்டும். செருகியைக் கழற்றிய பின்னரே இயந்திரத்தைத் தொட வேண்டும்.

தரையை நன்றாகத் துடைத்து, இயந்திரத்தின் நான்கு பக்கமும் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்தேன். உடுப்புப் போடாமல் சிறிதளவு சவர்க்காரத் தூள் மட்டும் போட்டு இயக்கிவிட்டு, கொப்பியோடும் மணிக்கூட்டோடும் எட்டத்தில் ஒரு கதிரையில் அமர்ந்தேன். தண்ணீர் நிரம்பிச் சிறிது நேரத்தில் முன்பக்க வலது மூலைத் தாள் நனையத் தொடங்கியது. உடனே இயந்திரத்தை இடைநிறுத்தினேன். உருளை அசையாமல் நின்றது. ஆனாலும் தாளில் ஈரம் பரவிக்கொண்டே இருந்தது.

அந்த ஒரு காட்சி எனக்குப் பாதி விடையைத் தந்தது. கழுவும்போது உள்ளிருக்கும் தண்ணீர் கதவின் விளிம்புக்குக் கீழேதான் நிற்கும். உருளை சுழன்று தண்ணீரை வீசினால்தான் அது கதவின் இறப்பரை எட்டும். உருளை நின்ற பிறகும் தொடர்ந்து கசிகிறதென்றால் கதவு இறப்பர் குற்றவாளி அல்ல. அதைவிடத் தாழ்ந்த ஓரிடத்தில்தான் வழி இருக்கிறது.

செருகியைக் கழற்றிவிட்டு ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் வழுவழுத்தது. சவர்க்காரம் கலந்த தண்ணீர் என்றால் அது இயந்திரத்தின் உள்ளே போய் வந்த தண்ணீர். வழுவழுப்பு இல்லாமல் சுத்தமாக இருந்திருந்தால் பின்னாலுள்ள குழாய் இணைப்பைச் சந்தேகித்திருப்பேன்.

முன்பக்க வலது மூலையில், ஒரு சிறு மூடிக்குப் பின்னால், பம்பிக்குப் போகும் குப்பைகளைத் தடுக்கும் வடிகட்டி இருக்கிறது. அதை ஒரேயடியாகத் திருகித் திறந்தேன். உள்ளே நின்ற தண்ணீர் முழுவதும் குசினியில் பாய்ந்தது! தாழ்ந்த தட்டொன்றை வைத்து, சிறிது சிறிதாகத் தளர்த்தித் தண்ணீரை வடியவிட வேண்டும் என்பதை அப்படித்தான் படித்தேன். சுடுநீரில் கழுவியிருந்தால் ஆறும்வரை பொறுத்திருப்பதும் அவசியம்.

வடிகட்டியின் இறப்பர் வளையத்தில் பஞ்சும் நூலும் ஒட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவே வளைந்த ஊசி ஒன்று கிடந்தது. ஸ்காபுக்கு நான் குத்தும் ஊசி. சில வாரங்களுக்கு முன் பம்பி அடைத்தபோது நானா இதைத் திறந்து சுத்தம் செய்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விளிம்பைத் துடைக்காமல் மூடியிருக்கிறார். ஊசி கிடந்த இடத்தில் மூடி இறுகவில்லை. கவனக்குறைவில் நானாவுக்குப் பாதி, ஊசியைக் கழற்றாமல் ஸ்காபைப் போட்ட எனக்குப் பாதி.

பழைய பல் தூரிகையால் வளையத்தையும் மரைகளையும் சுத்தம் செய்தேன். வளையத்தில் வெடிப்பு இல்லை. இருந்திருந்தால் அதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் புதியது வாங்க வேண்டும். மூடியை நேராக வைத்து, குறடு பாவிக்காமல் கையாலேயே இறுக்கினேன். மீண்டும் இயக்கி, மீண்டும் இடைநிறுத்திப் பார்த்தேன். தாள் காய்ந்தே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டில் ஒழுக்கு வேறு நேரத்தில் வரலாம். இயந்திரம் நிற்கும்போதும் சொட்டினால், தண்ணீர் வரும் குழாயின் இணைப்பிலுள்ள இறப்பர் வொஷரைப் பாருங்கள். செக்கனுக்கு ஒரு துளி சொட்டினாலே ஒரு நாளைக்குப் பல லீற்றர் வீணாகும். வுழூவிலும் தண்ணீரை வீண்விரயம் செய்யக் கூடாதென்று படித்தவர்கள் நாம். நிரம்பும்போது கசிந்தால் தூள் போடும் தட்டு அடைத்திருக்கலாம். உருளை சுழலும்போது மட்டும் கசிந்தால் கதவு இறப்பரின் மடிப்பில் முடியோ கிழிசலோ இருக்கலாம். கையால் கழுவும் தூளைப் பாவித்தால் நுரை பொங்கியும் வழியும். வெளியேற்றும்போது மட்டும் என்றால் கழிவுக் குழாயைப் பாருங்கள். பிழியும்போது இரைச்சலோடு, துருக்கறையோடு கசிந்தால் நாம் கை வைக்கக் கூடாது. உருளையின் பின்பக்க அடைப்பு தேய்ந்திருக்கலாம். அதைத் தெரிந்தவரிடம் விட வேண்டும். அந்த நிலையில் புதியது வாங்குவதே இலாபமாகவும் இருக்கலாம்.

வந்துபோன திருத்துநர் பொய் சொல்லவில்லை. கதவு இறப்பர் உண்மையிலேயே கறுத்துப் பழையதாகத்தான் இருக்கிறது. பழையதாகத் தெரிந்ததைப் பழுதானது என்று எண்ணிவிட்டார். ஒரு முறை ஓடவிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

இப்போது இயந்திரத்தின் மேல் ஒரு வெறும் யோகட் கப் இருக்கிறது. உம்மா வைத்தது. ஸ்காபை உள்ளே போடுமுன் ஊசிகளை எண்ணி அதற்குள் போட வேண்டும். "எத்தனை ஊசி?" என்று குசினியிலிருந்து உம்மாவின் குரல் இன்றும் கேட்கிறது.