ஆஸ்துமா மருந்திடம் நாம் எதிர்பார்ப்பது என்ன?

ரமளான் நெருங்கினால் நம்மிடம் தவறாமல் வரும் கேள்வி: "ஹஜ்ரத், நோன்பு வைத்துக்கொண்டு பஃப் இழுக்கலாமா?" ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழுக்கிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்போம். "நாலைந்து தடவை இருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். நோன்பின் சட்டத்தை விட இந்தப் பதில்தான் நமக்குக் கவலையாக இருக்கிறது.

ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்திடம் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. இழுத்ததும் மூச்சு வர வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும். பழக்கமாகிவிடக் கூடாது. கல்யாண வீட்டில் நாலு பேர் பார்க்கக் கூடாது. குமருப் பிள்ளை என்றால் இந்தக் கடைசிக் கவலைதான் வீட்டாருக்கு முதல் கவலை!

இத்தனைக்கும் பொருந்துவதாகத் தெரிவது நீல நிற இன்ஹேலர். (நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், பெயரைப் படியுங்கள்.) அதிலுள்ள சால்பூட்டமால், இறுகிய மூச்சுக் குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். நாலைந்து மணி நேரம் நிம்மதி. ஆனால் குழாயின் உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே இருக்கும்.

வீக்கத்தைத் தணிப்பது பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். அதனால் "இது கேட்கவில்லை" என்று பத்தே நாளில் தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே பயந்து, "மாத்திரையாகக் கொடுங்கள் டாக்டர்" என்பவர்களும் உண்டு.

கணக்கைப் பாருங்கள். சால்பூட்டமால் ஒரு இழுப்பில் 100 மைக்ரோகிராம். மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது 40 மடங்கு! இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொடுத்துவிட்டுத்தான் அங்கே போய்ச் சேர்கிறது. ஸ்டீராய்டிலும் இதே கதைதான்: இன்ஹேலரில் மைக்ரோகிராம், மாத்திரையில் மில்லிகிராம். இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்பினால், வாயில் வெள்ளை படர்வதையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு, பெரியவர்களும் வளரிளம் பருவத்தினரும் நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019இல் அறிவித்தது. 200 இழுப்பு கொண்ட டப்பா ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே கடும் இளைப்பு வரும் ஆபத்து கூடுகிறது. பன்னிரண்டு தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. நாளுக்கு நாலைந்து தடவை இழுப்பவருக்கு எத்தனை டப்பா தீரும்?

நோன்புக்கு வருவோம். இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஷைக் இப்னு பாஸ், இப்னு உஸைமீன் போன்றோர் முறிக்காது என்றார்கள். முறியும் என்பவர்களும் பலர். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தடுப்பு இன்ஹேலர் பெரும்பாலும் இரண்டு வேளைதான். ஸஹரிலும் இஃப்தாருக்குப் பிறகும் எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது. பகலில் மூச்சுத் திணறினால் மட்டும் ஃபத்வாவுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே மருந்தை எடுங்கள். நோயாளி விட்ட நோன்பைப் பிறகு நோற்க மார்க்கம் அனுமதித்திருக்கிறது.

ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். "இளைப்பு இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதாது. கடந்த நான்கு வாரங்களில் இரவில் தூக்கம் கெட்டதா, மாடிப்படி ஏற முடிந்ததா, நீல இன்ஹேலரை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் எடுத்தோமா என்று சொல்லுங்கள். இன்ஹேலரையும் கையோடு கொண்டுபோய், இழுத்துக் காட்டுங்கள். பல வருடமாகத் தப்பாகவே இழுத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.