நூலறிந்து சாயம் இடுவோம்

செங்கற்பட்டுச் சீமைக்குச் சாயத் தொழில் புதிதன்று. மாமல்லபுரத்திற்குத் தெற்கேயுள்ள சதுரங்கப்பட்டினத்தில் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பண்டகசாலை அமைத்து, நம் துணிகளைக் கப்பலேற்றினர். அக்காலத்தில் சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் தோண்டிய சாயவேரே துணிக்குச் சிவப்பைத் தந்தது. அவ்வேரிலுள்ள அலிஜரின் என்னும் பொருள் படிகாரத்தின் துணையால் நூலைப் பற்றும். 1868-இல் ஜெர்மானிய ரசாயனிகள் அதனைச் செயற்கையாக ஆக்கினர். வேர் தோண்டும் தொழில் நாளடைவில் அருகிற்று.

இன்று சாயம் டப்பாவில் எளிதாகக் கிடைக்கிறது. ஆயினும் எல்லாச் சாயமும் எல்லா நூலுக்கும் பொருந்துவதில்லை.

பட்டு ஒரு புரத நார். அமிலம் கலந்த வெந்நீரில் அது நேர்மின்னேற்றம் பெறுகிறது. எதிர்மின்னேற்றமுடைய அமிலச் சாயம் அதனை நாடிப் பற்றுகிறது. முன்னாளில் செங்கற்பட்டு ஜில்லாவில் அடங்கியிருந்த காஞ்சிபுரத்தின் பட்டுக்கு இச்சாயம் ஏற்றது. பசை நீக்கிய பட்டைச் சிறிது அசெட்டிக் அமிலம் சேர்த்த சாயநீரில் இட்டு, சூட்டைப் படிப்படியாக 85 முதல் 90 டிகிரி சென்டிகிரேட் வரை உயர்த்த வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பளபளப்புக் கெடும்.

பருத்தியோ தாவர நார். அமிலச் சாயம் அதில் நிலைக்காது, சலவையில் கழன்றுவிடும். உப்புச் சேர்த்து ஏற்றும் நேர்ச் சாயம் எளிது. ஆனால் சலவைக்கு அதிகம் தாங்காது. அவுரி முதலிய வாட் சாயங்களும், 1956-இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்களும் சலவைக்குக் கெட்டியானவை. ரியாக்டிவ் சாயம் காரத்தின் உதவியால் பருத்தியோடு ரசாயன முறையில் இணைகிறது. வாட் சாயத்திற்கு இடும் காஸ்டிக் சோடா பட்டைக் கெடுக்கும். ஆகவே பட்டும் பருத்தியும் கலந்த சேலைக்கு இரு நூலையும் தனித்தனியே தோய்த்த பின்னரே பாவு ஓட்டுதல் நலம்.

நூலில் ஐயமிருப்பின் ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு, மயிர் கருகும் நாற்றம் தரும். பருத்தி, காகிதம் எரியும் வாசனை தரும். சாயமிட்ட சில இழைகளை வெள்ளை நூலோடு முறுக்கிச் சோப்பு நீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். வெள்ளை நூல் கறைப்பட்டால் அச்சிட்டத்தைத் தறிக்கு ஏற்றலாகாது. சிவப்புக் கரையின் சாயம் வெள்ளை உடலில் இறங்கினால், நெசவாளியின் பல நாள் உழைப்பும் சங்கத்தின் நற்பெயரும் ஒருங்கே போகும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. சில அஸோ சாயங்கள் சிதைந்து, புற்றுநோய் விளைக்கும் அமைன்களைத் தருகின்றன. 1997-இல் இந்திய அரசு 70 அஸோ சாயங்களைத் தடை செய்தது. அமிலச் சாயங்கள் சிலவும் அவற்றுள் அடங்கும். சாயத் தொட்டியில் கை நனைப்போர் நம் குடும்பத்தாரே. ஆதலால், சாயத்தின் பெயரும் வகையும் எண்ணும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். அவை தெரியாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.