விருந்தும் தூரிகையும் – 6: நெடுக்கில் படித்தால் புரியும்

சென்ற வாரம் இயேசுவின் கடைசி விருந்தைப் பார்த்தோம். இந்த வாரமும் ஒரு கடைசி விருந்துதான். ஆனால், விருந்து வைத்தவன் பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார்.

பைபிளில் தானியேல் நூலின் ஐந்தாம் அதிகாரக் கதை இது. பிரபுக்கள் ஆயிரம் பேருக்கு விருந்து. ஜெருசலேம் ஆலயத்திலிருந்து முந்தைய அரசன் நேபுகாத்நேச்சார் அள்ளிவந்த பொன், வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துவரச் சொல்லி, அவற்றிலேயே மது அருந்துகிறார்கள். திடீரென ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது: மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின். அரசவை அறிஞர்கள் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. தானியேல் வந்து பொருள் சொல்கிறார்: உன் ஆட்சியின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன, தராசில் நீ குறைந்துபோனாய், உன் ராஜ்யம் பங்கிடப்படும். அன்றிரவே அரசன் கொல்லப்படுகிறான்.

இதை ரெம்ப்ராண்ட் 1636–38 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் வரைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டி. ஏறத்தாழ 168 செ.மீ. உயரமும் 209 செ.மீ. அகலமும் கொண்ட அந்தத் துணி ஓவியம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. தலைப்பாகைமேல் சிறு கிரீடம் வைத்த அரசன் பதறித் திரும்புகிறான். வலப்புறப் பெண்ணின் கைப் பாத்திரத்திலிருந்து மது கொட்டுகிறது. அரசனின் பொன்னாடையில் வண்ணம் தடித்துப் புடைத்து நிற்கிறது. எழுத்தின் ஒளி பட்டு அது மின்னுகிறது.

கதையில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சொற்கள் அரமாயிக் மொழி. பாபிலோனில் நன்றாகப் புழங்கிய மொழிதான். பிறகு ஏன் அறிஞர்கள் திணறினார்கள்? பைபிள் காரணம் சொல்லவில்லை. யூத மரபில், தால்முத்தில், ஒரு விளக்கம் இருக்கிறது: எழுத்துகள் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருந்தன. ஆம்ஸ்டர்டாமில் முதல் எபிரேய அச்சகத்தை நிறுவிய ரபி மெனாசே பென் இஸ்ரவேல் 1639இல் வெளியிட்ட தன் நூலில் இதே விளக்கத்தைத் தருகிறார். ரெம்ப்ராண்ட் வாழ்ந்த வட்டாரத்துக்காரர் அவர்; யோசனை அவரிடமிருந்தே வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஓவியத்தில் 15 எபிரேய எழுத்துகள், மூன்று மூன்றாக ஐந்து நெடுவரிசைகளில் நிற்கின்றன. எபிரேய வழக்கப்படி வலமிருந்து இடமாகக் கிடைவாக்கில் வாசித்தால் பொருளே இல்லை. குறுக்கெழுத்துப் போட்டியில் மேலிருந்து கீழ் வரும் விடைபோல நெடுக்கில் இறங்கினால்தான் சொல் பிடிபடும். மற்ற ஓவியர்கள் அதிசயத்தைக் காட்டினால் போதும் என்று நினைக்கலாம். ரெம்ப்ராண்டோ அறிஞர்கள் தோற்ற காரணத்தையே சுவரில் எழுதிவிட்டார்.

கடைசி எழுத்தில் மட்டும் ஓர் இடறல். நீண்டு இறங்கவேண்டிய 'நூன்' குட்டையாக நின்று 'ஸாயின்' ஆகிவிட்டது. ரெம்ப்ராண்டின் பிழை என்கிறார்கள் பலர். ஆனால் கை இன்னும் அந்த எழுத்தில்தான் நிற்கிறது. எழுதி முடிக்கவில்லை என்று வாதாட ஓவியருக்கு இடமுண்டு.

அடுத்த வாரம்: விருந்துக் காட்சியில் கோமாளியை வரைந்ததற்காக 1573இல் மத விசாரணை மன்றத்தில் நின்ற வெரோனேசே, ஓவியத்தை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் மாற்றிய கதை.