ஐந்து நாட் பாடம்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. பருவமழை பொய்த்தால் கரிசற்காடு சோறிடாது. ஆதலின் இவ்வட்டாரத்து மக்கள் வாணிகத்தையும் கைத்தொழிலையும் நாடினர். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டில் கல்கத்தா நகருக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து அச்சுத்தொழிலும் பட்டாசுத்தொழிலும் பெருகின. இவ்வரலாற்றைப் பலரும் அறிவர். நாம் இங்குக் காணப் புகுவது அவ்வூர்களில் நாள்தோறும் நடைபெறும் மற்றொரு தொழிலாகும். அஃது, ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் தொழில்.

தொடக்கப்பள்ளியின் ஒரு வாரத்தில் ஒரு குழந்தை என்ன கற்கின்றது? ஓர் எழுத்துக் குறியும் ஒரு கணக்கு நுட்பமும் கற்றால் அவ்வாரம் நல்ல வாரம் எனலாம். ‘இவ்வளவுதானா?’ என்று வினவுவோர், தாம் எழுத்துக் கற்ற காலத்தை மறந்தவரே ஆவர்.

தமிழ் எழுத்துகள் 247 என்பதை நாம் அறிவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இத்தனையையும் தனித்தனியே மனப்பாடம் செய்யக் குழந்தையால் இயலாது, செய்யவும் வேண்டுவதில்லை. உயிர்மெய்க்கு உரிய குறிகளை அறிந்துகொண்டால் பெரும்பாலான எழுத்துகள் தாமே கைவரும். உகர ஊகார வரிசைகளே இதற்குப் புறம்பானவை. கு, சு, து, மு ஆகியவற்றை நோக்குங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையாய் வளைகின்றது. அவற்றை எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

திங்கட்கிழமையன்று ஆசிரியர் ஒற்றைக் கொம்பைக் கற்பிக்கத் தொடங்குகின்றார் எனக் கொள்வோம். செடியின் படம் ஒன்றைக் காட்டி, “இது என்ன?” என வினவுவார். குழந்தைகள் “செடி” என்பர். தெரு, நெல், வெயில் என அவர்களே சொற்களை அடுக்குவர். சாத்தூர்ப் பக்கத்துப் பள்ளியாயின் வெள்ளரியை எவரும் நினைவூட்ட வேண்டுவதில்லை. ஓசை இவ்வாறு எளிதில் வந்துவிடும். எழுதும்போதுதான் இடர் தோன்றும். ‘செ’ என்னும் எழுத்தில் ‘ச்’ என்னும் ஒலியே முதலில் பிறக்கின்றது. ‘எ’ அதன் பின்னர் வருகின்றது. எழுத்திலோ கொம்பு முன்னே நிற்கின்றது. செவி கேட்ட முறை வேறு, கை எழுதும் முறை வேறு. இதனாற்றான் பல குழந்தைகள் கொம்பை எழுத்துக்குப் பின்னே இடுகின்றனர். அதனைக் கவனக்குறைவு என்று கடிதல் தகாது. தாம் கேட்டபடியே அவர்கள் எழுதியுள்ளனர்.

செவ்வாய்க்கிழமை இரட்டைக் கொம்பு வரும்: சேவல், தேர், வேம்பு. புதன்கிழமை ‘கொ’ என்னும் எழுத்து. இதற்கு முன்னே ஒற்றைக் கொம்பும் பின்னே துணைக்காலும் வேண்டும். துணைக்காலைக் குழந்தை சில வாரங்களுக்கு முன்னரே ‘கா’வில் கற்றிருக்கும், கொம்பைத் திங்களன்று கற்றது. இரண்டும் சேரும்போது, “பழைய குறிகள்தாமே!” என்ற தெளிவு அதன் முகத்தில் தோன்றும். திங்களன்று பள்ளிக்கு வாராத குழந்தைக்கோ புதன்கிழமைப் பாடம் இருட்டாக இருக்கும். தொடக்கப்பள்ளியில் ஒரு நாள் தவறுவது ஒரு நாளோடு முடிவதில்லை.

கணக்குப் பாடமும் இத்தகையதே. மருந்து தோய்க்காத வெறுங் குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலாற் கட்டி, கட்டு ஒன்றைப் பத்து எனவும் தனிக் குச்சியை ஒன்று எனவும் காட்டுவர். 32-லிருந்து 15-ஐக் கழிக்க வேண்டும். குழந்தையின் முன் மூன்று கட்டுகளும் இரண்டு குச்சிகளும் உள்ளன. இரண்டிலிருந்து ஐந்தை எவ்வாறு எடுப்பது? சிறிது நேரம் விழித்த பின், ஒரு கட்டை அவிழ்க்கலாமே என்று அதற்குத் தோன்றும். அவிழ்த்தால் குச்சிகள் பன்னிரண்டு. அவற்றில் ஐந்து போக ஏழு. எஞ்சிய இரண்டு கட்டுகளில் ஒன்றை எடுத்தால் ஒன்று மீதி. ஆக, விடை 17. ‘கடன் வாங்குதல்’ என நாம் கூறும் வித்தை, ஒரு நூலை அவிழ்ப்பதில் விளங்கிவிடுகின்றது. கரும்பலகையில் பத்து முறை கூறியும் விளங்காத குழந்தைக்கும் இம்முறை விளங்கும்.

இக்குச்சிகளை இவ்வட்டாரத்துக் குழந்தைகளின் விரல்கள் முன்னரே நன்கு அறிந்திருந்தன. இங்குத் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பது வழக்கு. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில், விடியுமுன்னரே வண்டிகள் சிற்றூர்களுக்குச் சென்று சிறுவர் சிறுமியரை ஏற்றி வந்தன. அவர்களுட் சிறுமியரே மிகுதி. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், பெட்டியின் மேல் தாள் ஒட்டுவதும் அவர்களுடைய வேலை. செய்த வேலையின் அளவுக்கே கூலி. எண்ணத் தெரியாமல் அவர்கள் இல்லை. எண்ணியதை எழுதத்தான் தெரியாதிருந்தது.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிரம்பாதோரைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் அமர்த்தலாகாது என விலக்கியது. சிவகாசிக் குழந்தைகளைக் குறித்து எழுந்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடர் மிகுந்த தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நிதியாகச் செலுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பின் ஒரு பகுதி. வேலையினின்றும் மீட்கப்பட்டோருக்குத் தனிப் பள்ளிகள் நடத்தப்பட்டன. பத்து வயதில் ‘அ’ எழுதத் தொடங்கியோரும் அங்கே இருந்தனர். ஆறு முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தரும் சட்டம், 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லலாம். பசித்த வயிற்றுடன் பாடம் கேட்கச் செய்ய அதனால் இயலாது. இவ்வுண்மையை விருதுநகர் நெடுநாள் முன்னரே அறிந்திருந்தது. அங்குள்ள சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் பிடியரிசி திரட்டி வளர்க்கப்பட்ட பள்ளி. சமைக்கப் புகும் தாய் ஒரு பிடி அரிசியைப் பள்ளிக்கென எடுத்து வைப்பாள். அப்பள்ளியிற் படித்துத் தந்தையை இழந்தமையால் இளமையிலேயே படிப்பை விட்டுக் கடை வேலைக்குச் சென்றவர் காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என உணவு வகைகள் மாறி மாறி வரும். தாய் விடியலில் வேலைக்குப் புறப்பட வேண்டிய வீட்டில், இவ்வுணவின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

வகுப்பறைக்கு மீள்வோம். வியாழக்கிழமைக்குள் ஒரே வகுப்பில் மூன்று வகைக் குழந்தைகள் தென்படுவர்: சொற்றொடரை விரைந்து படிப்போர், எழுத்துக் கூட்டிப் படிப்போர், எழுத்தையே இனங்காணாதோர். சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் ஐந்து வகுப்புகளுக்கு ஆசிரியர் இருவரே. நோய்த்தொற்றால் 2020 மார்ச்சு முதல் மூடியிருந்த தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில் திறந்தபோது, மூன்றாம் வகைக் குழந்தைகள் பெருகியிருந்தனர். அதன் பொருட்டே 2022-ஆம் ஆண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் வந்தது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளாகப் பிரித்து, ஒரே பாடத்தை அவரவர் நிலைக்கேற்பக் கற்பிப்பது அதன் முறை. பெயர்கள் அழகியவை. பின்தங்கிய குழந்தையை ‘மக்கு’ என்று அழைத்த பழைய வழக்கத்தைவிட ‘அரும்பு’ என்பது எவ்வளவோ மேல்! எனினும், அரும்பு ஆண்டு முழுவதும் அரும்பாகவே இருந்துவிடாமற் காப்பது ஆசிரியரின் கண்ணேயன்றிப் பெயரன்று.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் அருகில் அழைத்து, அவ்வாரச் சொற்கள் சிலவற்றைப் படிக்கச் செய்வார். யார் கொம்பை இடம் மாற்றி இட்டார், யார் கட்டை அவிழ்க்கத் தயங்கினார் எனத் தம் ஏட்டிற் குறித்துக்கொள்வார். வருகைப் பதிவேட்டில் ஒரு சிறுமியின் பெயருக்கு எதிரே ஐந்து நாளும் வாராமைக் குறி இருப்பின், மாலையில் அவள் வீடு தேடிச் செல்வார். காய்ச்சலாக இருக்கலாம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இருக்கலாம், தீபாவளி நெருங்கும் மாதங்களாயின் வீட்டில் யாவர்க்கும் வேலை நெருக்கடியாக இருக்கலாம்.

மறு திங்களன்று அச்சிறுமி வந்து அமரும்போது, மற்றையோர் ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றைக் கடந்திருப்பர். அவர்களுக்கு ஒரு கதையைப் படிக்கக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் அவளருகே அமர்ந்து, செடியின் படத்தை மீண்டும் கையில் எடுப்பார்.