பித்தளைத் தகடும் முடிச்சுக் கயிறும்

மரக்காணம் உப்பளங்களில் பார்வையை மறைக்க எதுவுமில்லை. பாத்தியும் வரப்பும் ஒரே மட்டமாக விரிந்து கிடக்கின்றன. தெளிந்த இரவில் வரப்பின்மேல் நின்று வடக்கே நோக்கினால், துருவ நட்சத்திரம் அடிவானத்துக்குச் சுமார் 12 பாகை உயரத்தில் மினுக்கும். நீட்டிய கையின் முஷ்டி ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். அதற்குச் சற்றே மேல். அந்த உயரந்தான் மரக்காணத்தின் அட்சரேகை: 12 பாகை 12 கலை. எந்த ஊரானாலும் இதே கணக்குத்தான். துருவத்தின் உயரத்தை அளந்தவன், தான் இருக்கும் அட்சத்தை அறிந்தவன்.

வான உயரங்களை அளக்க இஸ்லாமிய வானநூலார் கையாண்ட கருவி ‘அஸ்தர்லாப்’. பெரோஸ் ஷா துக்ளக் காலத்தில், 1370-ல், மகேந்திர சூரி இதைப் பற்றி எழுதிய வடமொழி நூலுக்கு ‘யந்திரராஜம்’ என்றே பெயர். லாகூர்க் கலைஞர் அல்லாதாத் 1567-ல் செய்த கருவியொன்று ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தில் இருக்கிறது.

சிலந்தியும் தகடும்

வட்டமான பித்தளைத் தட்டு. விளிம்பைச் சுற்றி 360 பாகைகள். மேலே கிராதி போன்ற ஒரு வளையம். அராபியர் அதைச் ‘சிலந்தி’ என்றார்கள். அதன் கூர்முனை ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திரம். அதிலேயே மேஷம் முதல் மீனம் வரை 12 ராசிகள். முதுகுப்புறத்தில் சூரியன் உயரத்தைப் படிக்கும் அளவும், நிழற்கணக்குக்கான சதுரமும் உண்டு. எண்களை எழுத்துக்களாலேயே பொறித்தார்கள். 12 என்றால் ‘யா, பா’, அதாவது பத்தும் இரண்டும். நம் பழங்கணக்கின் ௰௨-ம் அப்படித்தானே!

சிலந்தியின் அடியிலுள்ள தகடுதான் முக்கியம். அதில் அடிவானமும் உயர வட்டங்களும் ஓர் அட்சத்துக்கென்றே வெட்டப்படுகின்றன. 12 பாகைத் தகட்டில் 12-ஆம் உயர வட்டம் நடு மையத்தின் வழியே செல்லும். சுமார் 31½ பாகையிலுள்ள லாகூருக்கு வெட்டிய தகடு மரக்காணத்தில் தவறான நேரம் காட்டும்.

கடலோடியின் பலகை

ஆடும் கப்பலில் தொங்கவிட்ட தட்டில் அளவு படிப்பது எளிதல்ல. அராபிய மாலுமிகள் கையாண்டது ‘கமால்’; தமிழ் மாலுமிகளுக்கு அது ‘ராப்பலகை’. சிறு பலகை, நடுவே துளை, துளையில் முடிச்சுப் போட்ட கயிறு; அவ்வளவுதான். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு நட்சத்திரத்தையும் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் நேரே வந்தாயிற்று. சோழமண்டலக் கரை மாலுமிகளின் இந்தக் கருவியைக் கான்கிரீவ் என்ற ஆங்கிலேயர் 1850-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு சஞ்சிகையில் விவரித்தார்.

அராபியர் அளவு ‘விரல்’. ஒரு விரல் சுமார் 1 பாகை 36 கலை. நாகப்பட்டினத்துக்கும் மரக்காணத்துக்கும் அட்ச வித்தியாசம் 1 பாகை 26 கலை. ஒரு விரலுக்குச் சற்றே குறைவு. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். அரை விரல் தவறினால் 48 கடல் மைல் தவறும். மரக்காணத்துக்கு வரவேண்டியவன் சென்னைக்கு அருகே போய் நிற்பான். தண்ணீரும் அரிசியும் குறைந்த கப்பலில் இது உயிர் விஷயம்.

இன்று செயற்கைக்கோள் வழி சொல்கிறது. பித்தளை மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது; மரமும் கயிறும் அப்படி நிலைப்பவை அல்ல. கரையோர வீடுகளின் பரணில் துளையிட்ட சிறு பலகையும் முடிச்சுக் கயிறும் கிடைத்தால், அடுப்புக்குப் போகுமுன் அருங்காட்சியகத்தாரிடம் காட்ட வேண்டும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்தின் பெயர். முடிச்சுகளின் இடைவெளியை அளந்தாலே அவர்கள் சென்று வந்த ஊர்களைக் கண்டுகொள்ளலாம்.