நிற்கும் வண்டியில் குடியேறும் எலி

கொச்சியில் ஜூன் மழை வலுத்ததும் கார் மெக்கானிக்குகளுக்கு ஒரு வேலை கூடுகிறது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று கூப்பிடுவார்கள். பானெட்டைத் திறந்தால் ஒயர் துண்டு துண்டாகக் கிடக்கும். கலூர் போன்ற இடங்களில் இதற்கு இரண்டு காரணங்கள் கைகோக்கின்றன. தேவரா–பேரண்டூர் கால்வாயும் அதில் சேரும் ஓடைகளும் நிரம்பும்போது வளைக்குள் தண்ணீர் புகுந்து, எலியும் பெருச்சாளியும் மேட்டைத் தேடி ஓடுகின்றன. அந்த நேரத்தில் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில், வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர்களின் கார்கள் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கின்றன. இப்போது கேரவன் வண்டிகளும் சேர்ந்திருக்கின்றன. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. மறு ஆண்டு வாகமண்ணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. மெத்தை, சமையல் மேடை, அலமாரி எல்லாம் உள்ள வண்டியை ஒரு மழைக்காலம் பூட்டி வைத்தால் எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

எலி ஏன் ஒயரைக் கடிக்கிறது? அதன் வெட்டுப்பற்கள் ஆயுள் முழுக்க வளர்கின்றன. ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். முன்பக்கம் இரும்புச் சத்து கலந்த கடினமான எனாமல், பின்பக்கம் மென்மையான பல்திசு. பின்பக்கம் விரைவில் தேய்வதால் முனை எப்போதும் உளிபோல் கூராக இருக்கிறது. வளரும் பல்லைத் தேய்க்கத்தான் கடிக்கிறது என்று சொல்வது பாதி உண்மை. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஒன்றோடொன்று உரசியே அது தேய்த்துக்கொள்ளும். எதிர்ப்படும் பொருளை அறிந்துகொள்ளவும், வழியை அகலப்படுத்தவும், கூடு கட்டத் துணுக்குச் சேர்க்கவும் எலி கடிக்கிறது. ஒயரின் மேலுறையில் சோயா எண்ணெய் சேர்ப்பதால்தான் கடிக்கிறது என்று அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் மீது வழக்குகளே நடந்தன. ஆனால் சோயா இல்லாத பழைய வண்டிகளின் ஒயரையும் எலி விட்டுவைத்ததில்லை.

விரட்டுவதற்கு ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். புகையிலைக் காம்பு, கிராம்பு எண்ணெய், புதினா எண்ணெய், அந்துருண்டை. வாசனையை நம்புகிறவர்களை மட்டாஞ்சேரிக்கு அழைத்துப் போக வேண்டும். மிளகும் சுக்கும் கிராம்பும் தலைமுறை தலைமுறையாக மணக்கும் கிடங்குப் பகுதி அது. அந்த மணம் எலியை விரட்டுமென்றால் மிளகுக் கிடங்கில் எலித்தொல்லையே இருந்திருக்கக் கூடாது. அமெரிக்க நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் தூய்மை விதிகளைப் பாருங்கள்: மிளகில் பாலூட்டிகளின் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குத் தனி வரம்பே வைத்திருக்கிறார்கள். வரலாறும் இதையே சொல்கிறது. நம் வீட்டுக் கூரையில் ஓடும் கறுப்பு எலியின் பூர்வீகம் இந்தியத் துணைக்கண்டத்துப் பக்கம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ரோமானியர் காலத்தில் அது ஐரோப்பாவில் பரவியது. பேரரசு சரிந்து வணிகம் சுருங்கியதும் அங்கே அருகிப்போய், இடைக்காலத்தில் மீண்டும் புதிதாக வந்து குடியேறியது என்று பழைய எலும்புகளின் மரபணுவை வைத்து 2022-ல் ஓர் ஆய்வு காட்டியது. தானியமும் மிளகும் போன கப்பலில் தானும் ஏறிப் போன பிராணியைக் கிராம்பு எண்ணெய் என்ன செய்யும்?

மிளகாயின் காரம் வேறு விஷயம். கடித்த வாயை அது எரிக்கும். அதனால்தான் ஹோண்டா நிறுவனம் மிளகாய்க் காரம் பூசிய டேப்பை ஒயரில் சுற்ற விற்கிறது. கடிபடும் இடத்தில் இருந்தால்தான் அது பயன் தரும். ஒரு மூலையில் தூவி வைத்தால் தராது. அந்துருண்டையை மூடிய வண்டிக்குள் வைக்கவே வேண்டாம். நாஃப்தலின் ஆவி, குறிப்பாகச் சில பரம்பரைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது.

நம் காதுக்கு எட்டாத ஒலியால் விரட்டும் கருவிகளுக்கும் பணத்தை வீணாக்காதீர்கள். எலிகள் 22 கிலோஹெர்ட்ஸில் அபாயக் குரலும் 50-ஐ ஒட்டி மகிழ்ச்சிக் குரலும் எழுப்புவது உண்மை. ஆனால் அத்தகைய ஒலி ஓர் இருக்கையைத் தாண்டாது. சில நாளில் எலிக்குப் பழகியும் விடும். 2001-லேயே அமெரிக்க வணிக ஆணையம் அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரித்தது.

விஷம் வைத்தால் எலி ஏசி குழாய்க்குள் போய்ச் செத்து நாறும். தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகக்கூடும். மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு முறிமருந்தே கிடையாது. அது வீட்டில் இருப்பதே ஆபத்து.

மிஞ்சுவது ஒன்றுதான்: துளையை அடைப்பது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். பென்சில் நுழையும் இடமெல்லாம் அதன் வாசல். கேரவனின் அடிப்பக்கம் படுத்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் தரையைத் துளைத்து ஏறும் இடங்களில்தான் பெரும்பாலும் வழி இருக்கும். வெறும் ஃபோம் அடைத்தால் ஒரே இரவில் கடித்துத் தள்ளிவிடும். சாதாரண ஸ்டீல் உல் கொச்சியின் உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துபோகும். துருப்பிடிக்காத எஃகு வலையோ செம்பு வலையோதான் நிற்கும். சமையல் வாயுவுக்கான காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது. கண் நெருக்கமான வலை மட்டும் போடலாம். காரில் ஏசி காற்று உள்ளே போகும் வாயிலுக்கும் அப்படியே. பிஸ்கட் தூளைக்கூட விடாமல் துடைத்து, மெத்தையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை யாராவது வண்டியை எடுத்து ஓட்டினால் கூடு கட்ட அவகாசம் இருக்காது.

பொறி வைப்பவர்கள் கவனிக்க: எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். முதலில் பொறியை விசை ஏற்றாமல் தீனியோடு சுவரோரம் வைத்துப் பழக்க வேண்டும். சுண்டெலிக்கு இந்தத் தயக்கம் குறைவு.

இதெல்லாம் ஒயர் செலவுக்காக மட்டும் சொல்வதல்ல. 2012-ல் அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் தங்கியவர்களில் 10 பேருக்கு எலி எச்சத்திலிருந்து பரவும் ஹான்டா வைரஸ் தொற்றி 3 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கியது இரட்டைச் சுவர் கொண்ட கூடாரங்களில். அந்தச் சுவர்களின் இடைவெளியில் சுண்டெலிகள் கூடு கட்டியிருந்தன. பல கேரவன்களின் சுவரும் அதுபோன்ற அமைப்புதான். ஹான்டா குடும்பத்தில் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ் நம் வேலூரில் 1964-ல் மூஞ்சூறிடமிருந்து கிடைத்தது. அவ்வூரின் தோட்டப்பாளையம் பகுதியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. ஆனால் கேரளத்தில் உடனடிக் கவலை எலிக்காய்ச்சல்தான். எலியின் சிறுநீரில் வெளிவரும் லெப்டோஸ்பைரா கிருமி, ஈரம் இருக்கும்வரை உயிரோடு இருந்து சிராய்ப்பு வழியாக உடலுக்குள் புகும். 2018 வெள்ளத்துக்குப் பின் அது பரவியபோது அரசு டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளை ஊர் ஊராகக் கொடுத்தது.

ஆகவே, மழை முடிந்து வண்டியைத் திறக்கும்போது துடைப்பத்தை எடுக்காதீர்கள்; கிருமியுள்ள தூசி பறக்கும். கதவுகளைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுங்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எச்சத்தின் மேல் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறிய பிறகு காகிதத்தால் வழித்தெடுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், எலி இருந்த இடத்தைச் சுத்தம் செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.