பாட்டு, படம், பாடம்... பானுமதி அம்மா பற்றி இதெல்லாம் தெரியுமா?

‘செம்பருத்தி’யில் பிரசாந்தின் பாட்டியாக வந்தாரே, அந்த பானுமதி அம்மாவை எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு பாட்டிக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா? நடிகை, பாடகி, தயாரிப்பாளர், இயக்குநர், எழுத்தாளர், கல்லூரி முதல்வர்! மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

முதல் குரு அப்பா! ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் தொட்டவரம் கிராமத்தில் 1925-ல் பிறந்தவர். சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் பெற்ற தகப்பனார்தான். 1939-ல் வரதட்சணைக் கொடுமையைச் சொன்ன ‘வரவிக்ரயம்’ தெலுங்குப் படத்தில் அறிமுகமானபோது, பாவாடை கட்டும் வயதுச் சிறுமி!

தமிழுக்கு வந்தது யாரோடு தெரியுமா? சாட்சாத் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு! படம் ‘ராஜமுக்தி’, ஆண்டு 1948.

இரவல் குரல் கிடையாது! பின்னணிப் பாடகிகள் கொடிகட்டிப் பறந்த காலத்திலும் தன் பாட்டைத் தானே பாடியவர். 1956-ல் வந்த தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. அதைப் போட்டுப் பாருங்கள். பாட்டின் நடுவே அவர் புருவம் உயரும், உதடு சுழியும். எந்த இடத்தில் சங்கதி விழும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பது பாடியவருக்குத்தானே தெரியும்? அதனால்தான் முகமும் குரலும் அப்படி ஒட்டிக்கொள்கின்றன!

மகன் பெயரில் படக் கம்பெனி! மகன் பரணி, கம்பெனி பரணி பிக்சர்ஸ். கணவர் பி.எஸ்.ராமகிருஷ்ணாவோடு சேர்ந்து சென்னை சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோவையே எழுப்பிவிட்டார்! நம் தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் கதையை ‘விப்ரநாராயணா’ என்று தெலுங்கில் எடுத்ததும் இதே கம்பெனிதான். ஆழ்வாரின் மனதைக் கலைக்கும் தேவதேவி யார்? பானுமதி அம்மாவேதான்!

ஒரே கதை, ஆறு வேடம்! 1953-ல் ‘சண்டிராணி’யை இயக்கினார். தமிழ், தெலுங்கு, இந்தி என 3 மொழிகளில்! படத்தில் அவருக்கு இரட்டை வேடம். கணக்குப் போடுங்கள்: கேமராவுக்கு முன்னால் 6 பேர், பின்னால் இயக்குநராக இன்னொருவர். அத்தனையும் ஒரே பெண்மணி!

பேனாவும் பேசியது! தெலுங்கில் அவர் எழுதிய மாமியார் கதைகள் வீட்டுக்கு வீடு சிரிப்பை மூட்டின. ‘நாலோ நேனு’ என்ற சுயசரிதை, சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதைத் தட்டி வந்தது!

சிகரம் இதுதான்! 1985-ல் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் அமர்ந்தார். அப்போது கோட்டையில் முதல்வர் நாற்காலியில் இருந்தவர், ‘மதுரை வீர’னிலும் ‘நாடோடி மன்ன’னிலும் அவருக்கு ஜோடியாக நடித்த எம்.ஜி.ஆர்.!

2001-ல் பத்ம பூஷண் வந்தது. 2005 டிசம்பரில் அந்தக் குரல் ஓய்ந்தது. விருதுகளைவிட என்னைச் சிலிர்க்க வைப்பது அந்தக் கல்லூரி நாற்காலிதான். தொட்டவரத்து வீட்டில் அப்பா எதிரே உட்கார்ந்து ஸரிகம சொன்ன குழந்தை, ஊரார் பிள்ளைகளின் சங்கீதத்துக்கே பொறுப்பேற்று நின்றதே... இதைவிட நல்ல குருதட்சணை உண்டா, சொல்லுங்கள்!